விரலோரக் கொப்புளம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு 38 வயது, டாக்டர். சின்ன மெஸ் நடத்துகிறோம். நாள் முழுக்கக் கை தண்ணீரில்தான். ஆறு மாதமாக விரலோரங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். முதலில் அரிக்கிறது, அப்புறம் தோல் வெடித்து, மிளகாய் பட்டால் உயிர் போகிறது. மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: நீங்கள் சொல்வது ‘பாம்ஃபோலிக்ஸ்’ என்கிற எக்சிமா (ஒருவகைத் தோல் அழற்சி) போலத் தெரிகிறது. அதுவானால் யாருக்கும் ஒட்டாது. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து தாராளமாக ஊட்டுங்கள். விரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊறிய ஜவ்வரிசியைத் தோலுக்கடியில் பதித்ததுபோல் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வற்றி, தோல் உரிந்து, வெடிக்கும். ஆனால் இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும், வைத்தியமும் வேறு.

எனக்குக் கவலை அந்த க்ரீம்தான். இப்படிக் கிடைக்கும் பல ட்யூப்களில் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இந்த நோய்க்கு ஸ்டீராய்டு தேவைதான். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் கையைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

தண்ணீரும் சோப்பும் குறையாமல் எந்த மருந்தின் பலனும் நிற்காது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், சோப்பு அதனடியில்தான் தங்கும். பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போடுங்கள். வெறும் ரப்பருக்குள் வியர்த்தால் கொப்புளம் கூடும். பூண்டு, வெங்காயம் உரிப்பதை ஆறும்வரை வேறு யாரிடமாவது விடுங்கள். மெஸ்ஸில் அது சிரமம்தான், தெரியும். ஆனாலும் இந்தச் சில வாரங்கள் கைக்கு அவசியம். ஒவ்வொரு முறை கழுவியதும் ஈரத்தை ஒற்றியெடுத்து வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தவே வேண்டாம்.

அப்படியே கால் விரலிடுக்கையும் பாருங்கள். ஈரத்தரையில் நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண் சகஜம். காலில் பூஞ்சை இருந்தால், அதற்கு உடல் காட்டும் எதிர்வினையாகக் கையிலும் இதே மாதிரி கொப்புளம் கிளம்பலாம். அப்போது காலுக்கு வைத்தியம் பார்த்தால்தான் கை ஆறும்.

சீழ், மஞ்சள் பொருக்கு, கைவீக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் கட்டாயம். போகும்போது அந்த க்ரீம் ட்யூபையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.