அக்காவின் பேஸ்மென்டா, எட்மன்டனா? குடும்பத்தோடு கனடா போகும் வாசகருக்கு

கேள்வி: எங்கள் ஊர் களுவாஞ்சிகுடி. மனைவி மட்டக்களப்பில் தாதி உத்தியோகத்தர். நான் எலெக்ட்ரீஷியன், என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் முடித்தவன். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் கனடா நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 3. ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருக்கும் மனைவியின் அக்கா தங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு (நிலக்கீழ்த் தளத்துக்கு) வரச் சொல்கிறார். எட்மன்டனில் இருக்கும் நண்பன், அங்கே வாடகையும் குறைவு, வரியும் குறைவு என்கிறான். மொன்றியலில் என் சித்தப்பா இருக்கிறார். மாமியையும் (மனைவியின் அம்மா) பிறகு கூப்பிட வேண்டும். எந்த ஊரில் குடியேறுவது நல்லது?

தம்பி, மூன்றில் ஒன்றை இப்போதே தள்ளிவிடலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே வாழப்போகிறவர்களுக்கான வழி. விண்ணப்பத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு நேரே மொன்றியலில் போய் இறங்கினால் வீண் கேள்விகள் வரும். அதோடு அங்கே உங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். மனைவி தாதியாகப் பதிவதற்கும் பிரெஞ்சு வேண்டும். சித்தப்பாவைக் கோடை லீவில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டில் எது என்பதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறீர்கள். முதல் ஒரு வருடம் எங்கே தங்குவது என்பது ஒன்று. பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை எங்கே இருப்பது என்பது வேறு. இரண்டாவதை இப்போது களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு தீர்மானிக்கவே முடியாது, தேவையும் இல்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர் எந்த மாகாணத்துக்கும் போய் வாழலாம், வேலை செய்யலாம். தாதிப் பதிவையும் ஒரு மாகாணத்தில் எடுத்துவிட்டால் இன்னொன்றுக்கு மாற்ற வழி இருக்கிறது, அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆகவே முதல் வருடத்துக்கான ஊரைத்தான் இப்போது தெரிவு செய்ய வேண்டும். அதை வாடகையை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள், உங்கள் மனைவியின் பதிவை வைத்துத் தெரிவு செய்யுங்கள்.

ஏன் மனைவியின் பதிவு? உங்கள் வீட்டில் நின்று நிலைக்கக்கூடிய பெரிய சம்பளம் அதிலிருந்துதான் வரப்போகிறது. கனடாவில் தாதித் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாகாணங்கள். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோவுக்கு ஒரு தாதியர் கல்லூரி, எட்மன்டன் இருக்கும் அல்பேர்ட்டாவுக்கு இன்னொன்று. கல்லூரி என்றதும் படிக்கிற இடம் என்று நினைக்க வேண்டாம், பதிவு செய்கிற சபை அது. இரண்டிலும் என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற தாதியர் உரிமப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். ஆனால் நான் பார்த்த பல குடும்பங்களைக் கவிழ்த்தது பரீட்சை அல்ல, காலம். கடைசி 3 வருடங்களுக்குள் தாதியாக வேலை செய்த ஆதாரம் இல்லாவிட்டால் ஒன்ராறியோவில் மேலதிகமாகப் படிக்கவோ பயிற்சி எடுக்கவோ வேண்டிவரும். வந்த வருடம் கடன் அடைக்கவென்று பிஸ்கற் பக்டரிக்குப் போவார்கள். அடுத்த வருடம் கார். அதற்கடுத்த வருடம் புத்தகத்தை எடுக்கும்போது அந்த 3 வருடம் கழிந்திருக்கும். போதனா வைத்தியசாலையில் வார்டையே தனியே தூக்கி நிறுத்திய பிள்ளைகள், பத்து வருடமாகப் பொதி கட்டுகிற வேலையில் இருப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

அதனால் பயணத்துக்கு முன்பே மனைவி தன் தாதியர் பயிற்சிப் பாடசாலையின் பாடவிபரம், மதிப்பெண் பத்திரம், தாதியர் கவுன்சில் பதிவை உறுதிப்படுத்தும் கடிதம் ஆகிய அலுவல்களைத் தொடங்கிவிட வேண்டும். இவற்றை அந்தந்த நிறுவனம்தான் நேரடியாக அனுப்ப வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். கையில் கொண்டுபோன பிரதி செல்லாது. கொழும்புக்கு அலைகிற வேலையை ஸ்காபரோவில் இருந்து போனில் செய்துபாருங்கள், தெரியும்.

சரி, பதிவு கிடைக்கும்வரை அவர் படிக்கவும் வேண்டும், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்யவும் வேண்டும். பக்டரியைவிட அது எவ்வளவோ மேல், தொழிலோடு தொடர்பு விடாது. இங்கேதான் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி வருகிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். ஒரே வளவுக்குள் மாமி, மனைவியின் சகோதரிகள், சகலன் எல்லாரும். பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்றுகூட யாரும் கேட்பதில்லை. இரவு டியூட்டிக்குப் போகும் தாதிக்கு அந்த வளவு எவ்வளவு பெரிய உதவி என்பது கனடாவில் முதல் மாதத்திலேயே புரியும்.

ஒரு வேலைநாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வைத்தியசாலையிலும் முதியோர் இல்லங்களிலும் காலை ஷிப்ட் பெரும்பாலும் 7 மணிக்குத் தொடங்கும். 12 மணி நேர ஷிப்ட் என்றால் இரவு 7 மணிக்குத்தான் முடியும். நீங்கள் கட்டட வேலைக்குப் போனாலும் அதே 7 மணிதான். பஸ் பிடிக்க 6 மணிக்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் டேகேர்கள் வழக்கமாகத் திறப்பதே 7 மணிக்கு, பின்னேரம் 6 மணிக்கு மூடிவிடுவார்கள். மகளின் பாடசாலை தொடங்க 8.30 ஆகும். இந்த இடைவெளியில் மகனுக்குச் சப்பாத்துப் போட்டு, மகளுக்குத் தலை இழுத்து, குளிர் அங்கியின் சிப்பை இழுத்துவிட யாராவது வீட்டில் நிற்க வேண்டும். ஸ்காபரோவில் அதற்கு அக்கா இருக்கிறார். எட்மன்டனில் உங்கள் நண்பன் இருக்கிறார், நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவரிடம் இதைக் கேட்க முடியாது.

டேகேர் மலிந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் ஒன்ராறியோவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது. ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே! காத்திருப்போர் பட்டியல் நீளமானது. உங்களுக்கு ஒரு வாய்ப்பு, மகனுக்கு 4 வயது நிறைகிற வருடத்து செப்டெம்பரில் அவன் முழுநாள் மழலையர் வகுப்புக்குப் போகலாம், அது இலவசம். அக்காவிடம் நீங்கள் கேட்கப்போவது அதுவரைக்குமான உதவி, ஆயுள் முழுக்க அல்ல. அதை அவரிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள்.

எட்மன்டன்காரர் சொல்வதும் பொய்யில்லை. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. கடையில் 5 வீதம் மட்டும் கட்டுவீர்கள், ஒன்ராறியோவில் 13 வீதம். வாடகையும் ரொறன்ரோவைவிடக் குறைவு, வீடு வாங்குவதென்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கொடுப்பனவு எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான்: 2025 யூலையில் தொடங்கிய ஆண்டுக்கு, 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டொலர், 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர். வருமானம் குறைந்த முதல் வருடத்தில் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 1,200 டொலருக்குக் கொஞ்சம் மேல் வரலாம். அதே காசு எட்மன்டனில் கூடுதலாக நிற்கும் என்பது சரியான கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கில் கார் இல்லை. எட்மன்டனில் கார் இல்லாமல் இரண்டு பேர் இரண்டு திசையில் வேலைக்குப் போவது பெரும்பாடு. ஜனவரியில் அங்கே சில இரவுகள் மைனஸ் 30ஐத் தொடும், பஸ் தரிப்பில் 3 வயதுப் பிள்ளையோடு நிற்கிற குளிரல்ல அது. இன்னொன்று, அல்பேர்ட்டாவில் வருடத்துக்கு ஒருமுறை வாடகையை உயர்த்தலாம், எவ்வளவு என்பதற்கு உச்சவரம்பு இல்லை. ஒன்ராறியோவில் வரம்பு உண்டு, ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலில் குடிபுகுந்த வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிறகு தனியாக வீடு தேடும்போது பளபளக்கும் புதுக் கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை) பார்த்து மயங்காதீர்கள், பழைய கட்டடமா என்று கேளுங்கள்.

ஆகவே என் பதில்: முதலில் ஸ்காபரோ. மனைவியின் பதிவு கையில் வந்தபிறகு எட்மன்டனைப் பற்றி மறுபடி யோசியுங்கள். பதிவுள்ள தாதிக்கு அப்போது எந்த ஊரிலும் கதவு திறக்கும்.

அந்த பேஸ்மென்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் வீடு என்பதால் எதையும் கேட்காமல் போகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் முகம் கொடுக்காமல் பிரிகிறார்கள். தனிச் சமையலறையும் குளியலறையும் இருக்கிறதா? வீட்டுச் சொந்தக்காரரோடு இவற்றில் ஒன்றைப் பகிர்ந்தாலும் ஒன்ராறியோவின் வாடகைக் குடியிருப்பாளர் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. அக்கா உங்களை வெளியே போடப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் சகலனுக்கு வேலை போய் வீட்டை விற்க வேண்டி வந்தால்? ஜன்னல் ஆள் வெளியேறும் அளவுக்குப் பெரிதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், எலெக்ட்ரீஷியன் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை என்பதை எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். மகளைப் பாடசாலையில் சேர்க்கவும் ஒன்ராறியோவின் மருத்துவ அட்டை எடுக்கவும் முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள், அந்த ஒப்பந்தம் அங்கே உதவும். மருத்துவ அட்டைக்கு முன்பிருந்த 3 மாதக் காத்திருப்பு 2020இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பாடசாலை முகவரியைப் பொறுத்தது. எந்தத் தெருவில் இருக்கிறீர்களோ அந்த எல்லைக்குரிய பாடசாலை. ஓ.எல். முடிவுகளை வைத்துப் பாடசாலை தேடுகிற எங்கள் பழக்கத்தில் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து வீடு தேடுகிறவர்கள் உண்டு. 9 வயதுப் பிள்ளைக்கு அதைவிட முக்கியம், நடந்து போகிற தூரமும், ஆங்கிலம் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியர் இருக்கிறாரா என்பதும். தமிழுக்குக் கவலை வேண்டாம், ரொறன்ரோவில் சனிக்கிழமை வகுப்புகள் தாராளம். என்ன, “பிறகு வருகிறேன்” என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் “மறுகா வாறன்” என்று மகள் சொன்னால் வகுப்பில் முதலில் சிரிப்பார்கள். பழகிவிடும்.

உங்கள் தொழில் விஷயம். ஒன்ராறியோவில் எலெக்ட்ரீஷியன் வேலை உரிமம் கட்டாயமான தொழில், அல்பேர்ட்டாவிலும் அப்படியே. பரீட்சைக்குத் தகுதி பெற அனுபவத்தை மணிக்கணக்கில் காட்ட வேண்டும். கட்டட எலெக்ட்ரீஷியனுக்கு ஒன்ராறியோ கணக்கு 9,000 மணி நேரம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நீங்கள் வேலை செய்த ஒப்பந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தத் திகதி முதல் எதுவரை, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன வேலை. “நேர்மையானவர், கடின உழைப்பாளி” என்று மட்டும் எழுதித் தருவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர் அனுபவத்தை ஒன்ராறியோவில் கணக்கில் எடுக்க அது தேவை.

மாமிக்குச் சுப்பர் விசா பொருத்தம், பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்குவதற்கான விசா அது. ஒரு தடவையில் 5 வருடம் வரை தங்கலாம். உங்கள் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டும், குறைந்தது 100,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். அந்த வருமானம் மனைவியின் பதிவுக்குப் பிறகுதான் சுலபமாக வரும். ஸ்காபரோ என்றால் அவர் தமிழிலேயே சாமான் வாங்கிக் கோயிலுக்கும் போய்வருவார். எட்மன்டனில் குளிர்காலம் முழுக்க ஜன்னலடியில்தான்.

டிக்கெட்டை யூலை நடுப்பகுதிக்குப் போடப் பாருங்கள். பாடசாலை செப்டெம்பரில் தொடங்குவதற்குள் மகளுக்கு ஊர் பிடிபடும், குளிருக்கு முன் நீங்களும் நாலு இடம் பார்த்துவிடலாம். ஆனால் உங்கள் நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தில் கடைசித் திகதி ஒன்று இருக்கும், மருத்துவப் பரிசோதனையை ஒட்டி வருவது, பொதுவாக நீடித்துத் தரமாட்டார்கள். அது யூலைக்கு முன் முடிகிறதென்றால் குளிரோ மழையோ, அதற்குள் போய் இறங்கிவிடுங்கள்.