மூடும் முன் பார்த்துவிடுங்கள்: அரசுக் கட்டடப் பணி குறித்த கேள்வி பதில்

தமிழ்நாடு பொதுப்பணித்துறையின் கட்டடப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படிவங்களும் அதிகார வரம்பும் துறைக்குத் துறை மாறும். உங்கள் வேலைக்கு உங்கள் அக்ரிமெண்டில் இருப்பதுதான் முடிவு.

கேள்வி: விழுப்புரம் பக்கம் ஏ.இ.யாகச் (உதவிப் பொறியாளராக) சேர்ந்திருக்கிறேன் சார். நாலு ஊரில் வேலை நடக்கிறது. தினமும் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது?

கிழமையைப் பார்த்துப் போகாதீர்கள் தம்பி, வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் போங்கள். பூச்சு சரியில்லை என்றால் அடுத்த வாரம் போனாலும் தெரியும். கொத்திவிட்டு மறுபடி பூசச் சொல்லலாம். ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) குழி எவ்வளவு ஆழம் போனது, அடியில் என்ன மண் இருந்தது என்பது பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. அதனால் மூடப்படுகிற வேலை எதுவானாலும் அங்கே நீங்கள் நின்றே ஆக வேண்டும். குழியின் அடிமண், ஃபுட்டிங் கம்பி, தூண் கம்பி, பிளின்த் பீம் (தரை மட்ட உத்தரம்), ஒவ்வொரு ஸ்லாபின் கம்பி, கான்கிரீட் போடும் நாள், கழிவறைத் தரையின் நீர்த்தடுப்பு, இவை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இரவு ஒன்பது மணிக்குப் போன் போட்டு "நாளைக் காலை ஸ்லாப் சார், லாரி சொல்லியாச்சு" என்பார்கள். அதற்கு ஒருமுறை தலையாட்டினால் அதுவே வழக்கமாகிவிடும். கம்பி கட்டி முடித்ததும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்கிரீட். முதல் வேலையிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்லாபில் ஏறியதும் கம்பியை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். கவர் பிளாக் (கம்பியைப் பெட்டியில் ஒட்டாமல் தூக்கி வைக்கும் சிறு கட்டை) இருக்கிறதா, உடைந்த ஜல்லியை வைத்துச் சமாளித்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். சாதாரண உள்நாட்டுச் சூழலில் ஸ்லாபுக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50 கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், வேண்டும். சன்ஷேடிலும் பால்கனியிலும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து மிதித்து அது அடியில் போய் உட்கார்ந்திருக்கும். சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்க வளைத்து வைக்கும் கம்பி) கொடுத்துத் தூக்கி நிறுத்தாமல் கான்கிரீட் போட விடாதீர்கள். எனக்குத் தெரிந்து சன்ஷேடு விழுந்த இடங்களில் பெரும்பாலும் கம்பி குறைவாக இல்லை, இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை.

கேள்வி: எம் 25 ஸ்லாபுக்கு எடுத்த ஒரு மாதிரியில் 28 நாள் கியூப் (சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டி) மூன்றும் 20.1, 20.8, 21.5 என்று வந்திருக்கிறது. வேறு கியூப் போட்டுச் சோதித்துக்கொள்ளலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். என்ன செய்வது?

வேறு கியூப் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அந்த ஸ்லாபில் போன கான்கிரீட்டின் மாதிரி அது ஒன்றுதான். இன்றைக்குப் போடுகிற கியூப் இன்றைய கலவையைப் பற்றித்தான் சொல்லும்.

மூன்றின் சராசரி 20.8. எம் 25 என்றால் 28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 படி தனி மாதிரி ஒன்றின் முடிவு, குறிப்பிட்ட வலிமையிலிருந்து 3 நியூட்டன் வரைதான் குறையலாம். அதாவது எம் 25-க்கு 22. உங்களுடையது அதற்கும் கீழே. மூன்று கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்குள்தான் இருக்கின்றன, ஆகவே மாதிரியே செல்லாது என்றும் தள்ள முடியாது.

முதலில் ஏ.இ.இ.க்கும் (உதவிச் செயற்பொறியாளர்) செயற்பொறியாளருக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பகுதியின் மேல் அடுத்த மாடி வேலையை நிறுத்துங்கள். அப்புறம் ரீபவுண்ட் ஹேமர் (தட்டிப் பார்த்து வலிமையைக் கணிக்கும் கருவி) வைத்து எந்தப் பகுதி பலவீனம் என்று தேடி, அங்கே கோர் (துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். மூன்றுக்குக் குறையக் கூடாது. கோர்களின் சமான கியூப் வலிமை சராசரியாக 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம். அதிலும் தேறவில்லை என்றால் பாரச் சோதனை: நிலைச் சுமையோடு பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி வைத்து, இறக்கிய பிறகு தளம் எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பது. 24 மணி நேரத்துக்குள் 75 சதவீதம் மீள வேண்டும். செலவு பிடிக்கும், நாளும் ஆகும். ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார். நாளைக்கு அந்தத் தளத்துக்குக் கீழே உட்காரப்போவது வகுப்புப் பிள்ளைகள் என்றால் அவர் சுளிப்பதைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

எத்தனை மாதிரி என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 31 முதல் 50 கன மீட்டர் வரை நாலு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூபாகப் பன்னிரண்டு. கியூபில் தேதியையும் இடத்தையும் ஈரம் காய்வதற்குள் நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: மார்ச் மாதம். "பணம் திரும்பப் போய்விடும், மேல்தளப் பூச்சையும் சேர்த்து எம்-புக்கில் ஏற்றிவிடு, ஏப்ரலில் முடித்துவிடலாம்" என்று மேலிருந்து நெருக்கடி. எப்படி மறுப்பது?

இந்தக் கேள்வி எனக்கு எல்லா வருடமும் வருகிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் இளைஞர்கள், எல்லோருமே பயந்துபோய் எழுதுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்-புக்கில் (செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம்) அளவை எழுதுவது நீங்கள். "இந்தத் தேதியில், இந்த இடத்தில், இந்த அளவை நான் எடுத்தேன்" என்று உங்கள் கையெழுத்து சொல்கிறது. ஏ.இ.இ. செக் மெஷர்மெண்ட் (மறு அளவைச் சரிபார்ப்பு) செய்தாலும் முதல் எழுத்து உங்களுடையது. ஏப்ரலில் ஒப்பந்ததாரர் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டாலோ, உங்களுக்கே மாறுதல் வந்துவிட்டாலோ, ஆடிட்டும் விஜிலன்ஸும் தேடி வருவது அந்தக் கையெழுத்தைத்தான். வாயால் சொன்னவருடைய பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

மறுப்பதைச் சண்டையாக்க வேண்டாம். ஒரு தாளில் இன்றைய தேதிக்கு முடிந்த வேலை இவ்வளவு, அதன் மதிப்பு இவ்வளவு, மீதிக்கு அடுத்த நிதியாண்டில் ஒதுக்கீடு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்த வேலையை ஒரு சதுர மீட்டர் விடாமல் அளந்து பார்ட் பில் (முடிந்த அளவுக்கான பகுதிப் பட்டியல்) போட்டுக் கொடுங்கள். ஒப்பந்ததாரருக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். அக்ரிமெண்டில் இடமிருந்தால், தளத்தில் வந்து இறங்கிய பொருளுக்கு முன்பணம் கேட்கும் வழியையும் சொல்லுங்கள். இத்தனையும் செய்து வைத்திருக்கிற ஏ.இ.யைப் பார்த்து வேலைக்குக் குறுக்கே நிற்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரியிலேயே பணிநிலையை எழுதி அனுப்பியிருந்தால் இந்த நெருக்கடி பாதியாகக் குறைந்திருக்கும். அடுத்த வருடம் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: நான் பெண் பொறியாளர். நான் சொன்னால் மேஸ்திரி "ஓனர்கிட்ட கேட்டுக்கிறேம்மா" என்று போய்விடுகிறார். என்ன வழி?

வாயால் சொல்வதைக் குறையுங்கள் அம்மா. தள உத்தரவுப் புத்தகத்தில் தேதி போட்டு, "கிரிட் பி-3 தூணில் ஸ்டிரப் (தூண் கம்பியைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி 200, வரைபடத்தில் 150, திருத்திய பிறகே பெட்டி அடைக்க வேண்டும்" என்று எழுதி, ஒப்பந்ததாரரின் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அதைத் திருத்தாமல் அளவு எழுதாதீர்கள். இரண்டு பில்லில் இது நடந்தால் ஓனரே மேஸ்திரியிடம் சொல்லிவிடுவார். நானும் பெண் பொறியாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். எழுதி வாங்குகிற பழக்கம் இருந்தவர்களின் தளங்கள்தான் சுத்தமாக இருந்தன.

கேள்வி: நாகப்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில் பள்ளிக் கட்டடம். எஸ்டிமேட்டில் எம் 20 போட்டிருக்கிறார்கள். அப்படியே போகலாமா?

கூடாது. கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்கிறது. அதற்குக் குறைந்தது எம் 30, கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகாமல், கவர் 45 மி.மீ. வேலை தொடங்கும் முன்பே திருத்திய எஸ்டிமேட்டுக்கு எழுதுங்கள். போர் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. அந்தப் பக்கத்தில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் செதில் செதிலாக உதிர்கிற கட்டடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: ஸ்லாப் போட்டு ஏழு நாள்தான் ஆகிறது. அடுத்த மாடிக்கு முட்டு வேண்டும் என்று கழற்றக் கேட்கிறார்கள்.

ஸ்பான் (தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம்) 4.5 மீட்டருக்குள் இருந்தால் ஸ்லாப் முட்டுக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினாலு. பீம் முட்டுக்கு 6 மீட்டர் வரை பதினாலு, அதற்கு மேல் இருபத்தொன்று. இதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் கணக்கு. இப்போது தளங்களில் அதிகம் வருவது பி.பி.சி. (போர்ட்லண்ட் போசோலானா சிமெண்ட்); அது மெதுவாக இறுகும், நாளைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். மேலே அடுத்த தளத்தின் சென்ட்ரிங் ஏறினால் அந்தப் பாரமும் கீழ்த்தளத்துக்குத்தான் இறங்கும் என்பதால் கீழே முட்டு நிற்கட்டும். கூடுதல் முட்டு வாடகை அவர் செலவு.

கேள்வி: ஒப்பந்ததாரர் ஆறு மாதம் கால நீட்டிப்பு கேட்கிறார். உண்மையில் இரண்டு மாதம் தாமதம் நம் பக்கம்தான், மரம் வெட்ட அனுமதி வரவில்லை.

அந்த இரண்டு மாதத்தைத் தயங்காமல் பரிந்துரையுங்கள். மீதி நாலுக்கு அவர் காரணம் காட்டட்டும். இடம் ஒப்படைத்த தேதி, அனுமதி வந்த தேதி, மழையால் நின்ற நாள், வரைபடம் கொடுத்த தேதி எல்லாம் தடைப் பதிவேட்டில் அன்றன்றைக்கு ஏறியிருந்தால் இது அரை மணி நேர வேலை. ஏறவில்லை என்றால் கடிதக் கோப்பைப் புரட்டித்தான் தேதிகளை எடுக்க வேண்டும், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். போன வருடம் ஒப்படைத்த கட்டடத்தில் மாடி ஒழுகுகிறது. யாரிடம் சொல்வது?

ஐயா, ஒப்படைத்த பிறகும் குறிப்பிட்ட காலம் வரை குறையைச் சரிசெய்வது ஒப்பந்ததாரர் பொறுப்பு. எவ்வளவு காலம் என்பது அக்ரிமெண்டில் இருக்கும், உங்கள் பகுதி ஏ.இ.யிடம் கேட்டால் சொல்வார். போனில் சொல்லி விடாமல், எந்த அறை, எந்த மூலை, எந்தத் தேதியில் பார்த்தது என்று படத்தோடு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் காலம் முடிவதற்குள் கடிதம் போய்விட்டால் பிடித்தம் செய்த தொகையை விடுவிக்கும் முன் கேட்கப் பொறியாளருக்குப் பிடி இருக்கும். அதற்கிடையில் மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை ஆள் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.