பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடுத்தது யார்?

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் வீட்டில் இது ஓயாத சண்டை. 'வெள்ளைக்காரன் இலவசமாகப் படிப்பித்தான்' என்பார் அப்பம்மா. 'அது அரசாங்கக் காசு, எங்கட வரிப்பணம்' என்பார் பெரியப்பா. எது சரி? இன்னொன்று: எங்கள் பூட்டனின் தகப்பனார் வட்டுக்கோட்டையில் படித்தவர். பெயருக்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பெயர் இருந்திருக்கிறது. ஆனால் கோயில் திருவிழாவில் அவருக்கு ஓர் உபயமும் இருந்ததாம். அவர் மதம் மாறினாரா, இல்லையா?

ஒரு வாசகி, டொரன்டோ

அன்புள்ள வாசகிக்கு,

அப்பம்மா சொல்வதிலும் பெரியப்பா சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் சொல்வது வேறு வேறு காலத்துக்குப் பொருந்தும்.

உங்கள் பூட்டனின் தகப்பனார் படித்த வட்டுக்கோட்டை செமினரி என்ற விடுதிப் பள்ளி 1823இல் தொடங்கியது. நடத்தியது அமெரிக்க மிஷன், முதல் அதிபர் டானியல் பூவர். பிரிட்டிஷ் அரசு அதற்கு ஆதரவாக இருக்கவில்லை. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் அமெரிக்க மிஷனரிகள் புதிதாக வந்து சேரவே அனுமதி கிடையாது. காசு பாஸ்டனிலிருந்து வந்தது. அங்கே ஒரு தேவாலயச் சபையோ, தனவந்தரோ, பெண்கள் சங்கமோ ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று அனுப்பும். அந்தக் காசில் இங்கே ஒரு பையனுக்குச் சோறு, துணி, படிப்பு. பதிலுக்கு, காசு தந்தவர் சொல்லும் பெயர் அந்தப் பையனுக்கு வைக்கப்படும். நெவின்ஸ், கரோல், அர்னால்ட், வைமன் என்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது இப்படித்தான். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று அதைக் கடைசிவரை சுமந்தார்கள். ஆக, அது இலவசம்தான். ஆனால் பெயரைக் கொடுத்து வாங்கிய இலவசம்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மிஷன் விடுதி தொடங்கிய புதிதில், கிறிஸ்தவர்கள் இருக்கும் வளவுக்குள் சாப்பிட மாட்டோம் என்று பையன்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பக்கத்துச் சைவக்காரர் காணியில் கொட்டில் போட்டு அங்கே சமைத்துப் பரிமாற வேண்டியிருந்தது. படிப்பு மிஷன் காணியில், சோறு அடுத்த காணியில். சாதி ஆசாரத்துக்காகச் செய்ததுதான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற அந்தக் கணக்கு கடைசிவரை மாறவில்லை.

வேறொருவர் காசில் நடக்கும் பள்ளிக்கு என்ன நேரும் என்பது இரண்டு முறை தெரிந்தது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முடங்கின. பாஸ்டன் அனுப்பும் தொகை குறைந்தது, யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் பல மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்க வங்கிக்கும் நம்மூர்த் திண்ணைப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது முறை பணத்தட்டுப்பாடே இல்லை. மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்தார். செமினரியில் வானியலும் கணிதமும் ஆங்கிலமும் கொடிகட்டிப் பறந்தன. படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். போதகராக வந்தவர்கள் கொஞ்சம் பேர். மத ஊழியர்களை உருவாக்கத் தந்த காசு கிளார்க்குகளை உருவாக்குகிறது என்று அவருக்குப் பட்டது, பள்ளியை மூடிவிட்டார்கள். அவர் பக்கக் கணக்கில் அது சரிதான் என்றே நினைக்கிறேன். பாஸ்டனில் உண்டியல் போட்ட கிழவி, யாழ்ப்பாணத்துப் பையன் கச்சேரி உத்தியோகம் பார்க்கவா போட்டாள்? மூடி இரண்டு மூன்று ஆண்டுக்குள் அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள் என்பது தனிக் கதை.

பெரியப்பாவின் 'அரசாங்கக் காசு' இதற்குப் பிறகுதான் பெரிதாக வருகிறது. 1869இல் இலங்கையில் கல்வித் திணைக்களம் ஏற்பட்டது. அடுத்து வந்தது பெறுபேற்றுக்கு ஏற்ப உதவிப்பணம். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம். ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரே நாளில் விலை போடுவது. அன்றைக்குக் காய்ச்சலில் படுத்த பையன் வாத்தியாருக்கு எவ்வளவு பெரிய நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்தப் பணம் எல்லோருக்கும் கிடைத்ததா? ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை 1848இல் தொடங்கினார். உதவிப்பணம் கிடைத்தது 1870இல். 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி பணமில்லாமல் சில ஆண்டுகளில் நின்றுபோனது. உதவி பெறும் பள்ளி ஒன்றிருந்தால் அதன் அருகே இன்னொன்றுக்குப் பணமில்லை என்ற தூர விதியும் இருந்தது. முதலில் வந்தவர்கள் மிஷன்காரர்கள், அதனால் நல்ல இடமெல்லாம் அவர்களுக்கு. 1890இல் சைவ பரிபாலன சபை கையேற்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆக்கிய பள்ளிக்கும், பக்கத்தில் மிஷன் பள்ளி இருக்கிறதென்று முதலில் உதவி மறுக்கப்பட்டது. உங்கள் பெரியப்பா சொல்லும் வரிப்பணம் எல்லோரிடமும் வாங்கப்பட்டது, திரும்பி வந்தது சிலருக்கு.

அப்பம்மாவும் பெரியப்பாவும் விட்டுவிட்ட மூன்றாவது பணப்பை ஒன்று உண்டு: பெற்றோர் கட்டிய சம்பளம், அதாவது படிப்புக் கட்டணம். செமினரி மூடியபின் பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலப் படிப்பு வேண்டும், அதற்குக் காசு தருகிறோம் என்றார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் திறந்தது அந்த நெருக்குதலால்தான். அமெரிக்காவில் திரட்டிய மூலதனத்தின் வட்டி ஒரு பக்கம், பிள்ளைகளின் சம்பளம் மறுபக்கம். திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றி விற்ற காசு எத்தனை பையன்களின் ஆங்கில இலக்கணமாக மாறியதோ! யாழ்ப்பாணத்துக் கல்வியைப் பற்றிப் பேசும்போது பாதிரியாரையும் நாவலரையும் சொல்கிறோம், தோட்டத்தில் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தவரை விட்டுவிடுகிறோம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்புறம் உங்கள் மூதாதை. அமெரிக்கப் பெயர் இருந்தால் மதம் மாறினார் என்று அர்த்தமில்லை. பெயர் செலவுக்கணக்கில் வந்தது. இந்துக் கல்லூரிக்கு வித்திட்ட பள்ளியை நடத்தியவரே நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளைதான். அவர் மகன் நெவின்ஸ் செல்வதுரை அதே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். மறுபக்கம் அர்னால்ட் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே வாழ்ந்து 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர், பெற்று விட்டுத் திரும்பியவர், பெறாமலே படித்து முடித்தவர் என்று மூன்று வகையும் உண்டு. திருவிழா உபயம் இருந்ததென்றால் உங்கள் ஆள் இரண்டாவது அல்லது மூன்றாவது வகை. மிஷன் சபையின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன, டொரன்டோவிலிருந்து பெரிய தூரமில்லை. அந்த அமெரிக்கப் பெயரையும் அவர் படித்த ஆண்டையும் பெரியப்பாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.