டீன் வேலை: சுங்கை சிப்புட்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலத்தின் டீனாக, அதாவது அந்தப் புலத்தின் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றேன். ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐந்தாம் படிவ மாணவி: ஐயா, டீன் என்றால் தலைமையாசிரியர் மாதிரியா?

பாதி அப்படித்தான் அம்மா. அரசுப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர்தான் டீனை நியமிப்பார், அதுவும் ஒரு தவணைக்கு. முடிந்ததும் பழையபடி வகுப்புக்குப் போகவேண்டும். இன்று உங்களுக்குக் கீழே இருப்பவர் நாளை உங்கள் டீனாகலாம்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தந்தை: மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கிறான். விரிவுரையாளர் ஆக வழி உண்டா?

உண்டு தம்பி. டிப்ளோமாவுக்குப் பிறகு டிகிரி, அப்புறம் முனைவர் பட்டம். விரிவுரையாளராகச் சேர்ந்து மூத்த விரிவுரையாளர், இணைப்பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறலாம். டிகிரியில் சேருமுன் அந்தப் படிப்புக்கு, பொறியியல் பட்டங்களின் தரத்தைச் சரிபார்க்கும் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற நம் பட்டத்தை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற உறுப்பு நாடுகளும் தங்கள் பட்டத்துக்கு நிகராக மதிக்கின்றன.

இளம் விரிவுரையாளர்: டீனாக இருந்தபோது உங்களை அதிகம் சோதித்தது எது, சார்?

எங்கள் படிப்பின் தரத்தைச் சோதிக்க அங்கீகாரக் குழு வந்த நாள். ஓர் அறை முழுக்கக் கோப்புகள். ஒவ்வொரு பாடத்துக்கும் நல்லது, நடுத்தரம், மோசம் என்று மாதிரி விடைத்தாள்களை அடுக்கியிருந்தோம். வந்தவர் நல்ல விடைத்தாளைத் தொடவே இல்லை. நிலையியல், அதாவது அசையாத பொருள்கள்மேல் செயல்படும் விசைகளைப் பற்றிய பாடத்தின் மோசமான தாளை உருவி எடுத்து, "இதைப் பார்த்த பிறகு அடுத்த பருவத்தில் என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டார். பாடம் நடத்தியவர் என் முகத்தைப் பார்த்தார். "அது என் பொறுப்பு" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

அடுத்த வாரமே தோற்றவர்களின் தாள்களை ஆசிரியர்களோடு உட்கார்ந்து படித்தேன். பலருக்குக் கணக்கு வராமல் இல்லை. விசைகளைக் குறிக்கும் படத்தையே அவர்கள் வரையவில்லை! வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் படம் வரைவதற்கென்றே ஒதுக்கினோம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஆசிரியர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்?

பெரும்பாலும் வேலைப் பங்கீட்டில்தான் வரும், டீச்சர். தோட்டத்தில் மேற்பார்வையாளரான மண்டோர் ரப்பர் பால் நிறுக்கும்போது அப்பா தராசை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். முள் கண்ணுக்குத் தெரிந்தால் சண்டையில்லை. அதனால் யாருக்கு எத்தனை வகுப்பு, எத்தனை ஆய்வு மாணவர்கள் என்ற பட்டியலை என் பெயரோடு சேர்த்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். முணுமுணுப்பு முழுதும் அடங்கவில்லை, ஆனால் என் அறைக்கு வந்து நேரில் கேட்டார்கள்.

அதே மாணவி: டீன் ஆனதும் பாடம் நடத்துவதை விட்டுவிட்டீர்களா?

இல்லை அம்மா. ஆராய்ச்சி குறைந்தது, அது வருத்தம்தான். முதலாண்டு நிலையியலில் ஒரு வகுப்பை மட்டும் கடைசிவரை நானே நடத்தினேன்.