கை தாழ்ந்தால் என்ன ஆகும்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 52 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் கோயிலில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். யார் ஜெபக்குறிப்பு கொடுத்தாலும் நோட்டில் எழுதி, விடியற்காலை நாலு மணிக்கு ஒவ்வொரு பெயராகச் சொல்லி மன்றாடுவேன். ஆகஸ்டில் காய்ச்சல் வந்து மூன்று நாள் நோட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள், டயாலிசிஸில் இருந்த என் சிநேகிதி இறந்துபோனாள். நோட்டில் முதல் பெயர் அவளுடையது. பைபிளில் மோசே கையை உயர்த்தியிருந்தபோது இஸ்ரவேலர் ஜெயித்தார்கள், தாழவிட்டபோது எதிரியான அமலேக்கு ஜெயித்தானே, அப்படித்தானே இதுவும்? இப்போது 140 பெயர்கள். கவனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்குகிறேன். முடிக்க ஆறரை ஆகிவிடுகிறது, வீட்டில் சோறு பொங்க நேரமில்லை. எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் சொன்னால், "கர்த்தர் உங்களுக்கு மற்றவர்களுக்காக ஜெபிக்கும் பாரம் தந்திருக்கிறார்" என்கிறார். இது பாரமா, பயமா?

அன்புள்ள அக்கா,

பயம்தான். அதற்கு முன்னால் ஒன்று. கடிதம் முழுக்க நோட்டு இருக்கிறது, சிநேகிதிக்காக அழுததாக ஒரு வரிகூட இல்லை. அவரைக் கொண்டுபோனது சிறுநீரக நோய். நீங்கள் காய்ச்சலில் படுத்தது அல்ல. இதைப் படித்துத் தலையாட்டிவிட்டு நாளைக் காலை மறுபடி பெயர்களை எண்ணத்தான் போகிறீர்கள், தெரியும்.

பாரம் என்றால் சொல்லி முடித்ததும் கொஞ்சமாவது இறங்கும். உங்களுக்கோ, 'சரியாகச் சொன்னேனா' என்று திரும்ப ஏறுகிறது. பயம் தணியட்டும் என்று ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த நேரத்துக்குத் தணியும், மறுநாள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி என்ற மனநலப் பிரச்சினை கை கழுவுவதில் மட்டுமல்ல, பக்தியின் வடிவத்திலும் வரும். இப்படி ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமென்றால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், கட்டணமில்லை.

மோசே விஷயத்துக்கு வருகிறேன். யாத்திராகமம் 17-இல் பாதியிலேயே நின்றுவிட்டீர்கள். கை அசந்தபோது யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், ஆரோனும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினார்கள். சண்டே ஸ்கூலில் 'ஊர்' ஒரு ஆளின் பெயர் என்று எனக்குத் தெரியாது. ஊரே திரண்டுவந்து தாங்கியது என்று நினைத்திருந்தேன். அந்தத் தப்பு எனக்கு இன்னும் பிடிக்கும்.

அதனால் நோட்டை நாலாகப் பிரித்து, கூட்டத்தில் இன்னும் மூன்று பேரிடம் கொடுங்கள். உங்களுக்கு 35 பெயர். ஒவ்வொன்றையும் ஒரே தடவை. கவனம் சிதறினாலும் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள், பின்னால் திரும்பக் கூடாது. முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும். திரும்பச் சொல்லாமல் பொறுத்தால் அது தானாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். தாங்க முடியாவிட்டால் மருத்துவரின் துணையோடு செய்யலாம்.

அப்புறம், அந்த மூன்று பேரிடம் சிநேகிதியைப் பற்றியும் பேசுங்கள். அவரை அவர்களுக்கும் தெரிந்திருக்கும்தானே.