இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெறுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் பதில். இக்கேள்வியைக் கேட்கும் நீங்கள் நெரிசல் மிகுந்த நகரில் வாழும் இளைஞராக இருக்கக்கூடும். எட்டுப் பிள்ளைகள் பெற்ற தாயை அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அத்தகைய தாயின் ஐந்தாவது பிள்ளை.

மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தேன். 1974இல் அம்மாவின் எட்டாவது பிரசவத்துக்குத் துணையாகப் போனபோது எனக்குப் பதினொரு வயது. வார்டில் இருந்த தாதி, மற்றப் பெண்களின் காதில் விழும்படி, "உங்கள் ஆட்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டார். முதல் நாள் வரை ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த அம்மா பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கருத்தடை பற்றி அந்தத் தாதி ஒரு சொல்லும் விளக்கவில்லை. தேசியக் குடும்பத் திட்ட வாரியம் 1966லேயே அமைந்துவிட்ட நாட்டில், எங்கள் லயத்துப் பெண்களை விளக்கத்துக்கு முன்பே ஏச்சு வந்து சேர்ந்தது.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நான் எதிரி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நானும் இரண்டோடு நிறுத்தியவள்தான். ஆனால் என்னை நிறுத்தியது சட்டமன்று. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வளாகம் திறக்கப்பட்டபின், தோட்டத்துப் பெண்கள் பேருந்து ஏறி மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். பதினெட்டு வயதில் நானும் போனேன்; கையில் சொந்தச் சம்பளம் இருந்ததால் திருமணத்தை இருபத்தெட்டு வரை தள்ளிப்போட முடிந்தது. அக்கா தங்கைகள் நால்வரும் பெற்ற பிள்ளைகளைக் கூட்டினால் எட்டுத்தான் வரும். மலேசியாவின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1970இல் 4.9ஆக இருந்து 2022இல் 1.6ஆகக் குறைந்ததற்குப் பின்னால் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன.

அரசுகளின் கணக்கோ நிலையாக இருப்பதில்லை. குறைத்துப் பெறச் சொன்ன இதே நாடு, 1984இல் மக்கள் தொகை 70 மில்லியனாக உயர வேண்டும் என்று புதிய கொள்கை வகுத்தது. ஒரு குழந்தைக்கு மேல் பெற்றவர்களைத் தண்டித்த சீனா, 2021இல் மூன்று பெறலாம் என்றது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது கட்டாயக் கருத்தடைக்கு ஆளான ஏழைகளுக்கு, பின்னர் ஆட்சி மாறியதால் இழந்தது திரும்பி வந்துவிடவில்லை.

இப்போது எங்கள் சமூகக் கூட்டங்களில், தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள், ஆகவே பெண்கள் நான்கு பெற வேண்டும் என்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆயினும் அப்படிப் பேசிய ஒருவரிடம், வேலைக்குப் போகும் என் மகள் குழந்தைப் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறாள் தெரியுமா என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் அம்மாவிடம் ஒரு காசும் வாங்கியதில்லை.