விறகு ஈரமாவது மழையால் மட்டும் இல்லை

கேட்டிருப்பது இது: மழைக்காலத்துச் சமையலுக்கும் வெந்நீருக்கும் விறகு சேர்த்து, நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடியும் ஈரமாகிவிடுகிறது, எப்படி அடுக்கி வைப்பது?

அந்த நாலு பக்க மூடலை முதலில் எடுத்துவிடுங்கள். எங்கள் வீடு ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினம் பக்கம். தங்கை பிரசவத்துக்கு வந்திருந்த வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். புரட்டாசியில் வெட்டின சீமைக்கருவையை வாங்கி, தரையோடு தரையாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். ஐப்பசியில் பிரித்தால் பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், பட்டையில் வெள்ளைப் பூஞ்சணம். அடுப்பில் வைத்தால் விறகின் மறுநுனி உஸ்ஸென்று நுரை தள்ளியது. பச்சைப்பிள்ளைக்கு ஒரு பானை வெந்நீர் போட அம்மா அரை மணி நேரம் ஊதுகுழலோடு உட்கார்ந்து கண் சிவந்து எழுந்ததை நான் மறக்கவே இல்லை. அந்த ஈரம் மழை கொடுத்ததில்லை. மரத்துக்குள் இருந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியிருக்கிறது.

பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே தண்ணீர் இருக்கலாம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அதிகப் புகையில்லாமல் எரியும். வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் குளிர் நாடுகளில் இதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம், சில மரத்துக்கு இரண்டு வருஷம்கூடக் காத்திருக்கிறார்கள். நமக்குக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இருக்கிறது. பங்குனி, சித்திரையில் வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்கு மேலுள்ளதைப் பிளந்து போட்டால், வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கிற கச்சானே காயவைத்துவிடும்.

எந்த இடத்தில் அடுக்குகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அதனால் வீட்டுக்குத் தென்மேற்கே அடுக்குங்கள். காய்கிற மாதங்களில் காற்று நேராக வந்து மோதும், மழை மாதங்களில் வீடே மறைப்பாக நிற்கும். தார்ப்பாயோ தகரமோ தலைக்கு மட்டும் போதும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் உயரம் தூக்குங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே வையுங்கள். கரையான் மண்பாதை கட்டி ஏறினால் கண்ணில் படும், அப்போதே தட்டிவிடலாம். சீமைக்கருவைக்கு இன்னொரு எதிரி வண்டு. விறகுக்கடியில் கோதுமை மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டைகளை முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள். பட்டை தானாகக் கழன்று வந்தால் உரித்துவிடுவது நல்லது.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை எடுத்து மோதிப் பாருங்கள். காய்ந்தது டங்கென்று சத்தம் கொடுக்கும், ஈரமானது தொப்பென்று மந்தமாகக் கேட்கும். காய்ந்த கட்டையின் வெட்டுவாயில் நடுவிலிருந்து நாலாபுறமும் வெடிப்பு ஓடியிருக்கும்.

அப்புறம், கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கரை ஒதுங்கின கட்டையையும் உடைந்த வள்ளத்துப் பலகையையும் தயவுசெய்து சமையல் அடுப்பில் வைக்காதீர்கள். உப்பு ஏறின மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எரியும்போது வரும் புகையும் கெடுதல். பலகையில் பெயின்ட் இருந்தால் இன்னும் மோசம். குழந்தை இருக்கிற வீட்டில் அது கூடவே கூடாது.

எடுக்கும்போது மேலிருந்து எடுங்கள், இடுக்கில் கையை விட வேண்டாம். நம் பக்கத்தில் சுருட்டை விரியனும் தேளும் விறகடுக்கில்தான் ஒதுங்கும். ஒரு கம்பால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, விடியற்காலை என்றால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். நாலைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் பனை மட்டை, சிரட்டையோடு அடுப்படிக்குள் வைத்துக்கொண்டால், கொட்டுகிற மழையில் வெளியே போகிற வேலையே இருக்காது.